இளங்குதிரையை லாயத்துக்குப் பழக்குதல்: முதல் 6 வாரங்கள்

பண்ணையில் வளர்ந்த இரண்டு வயதுக் குட்டி அதுவரை ஓர் இரவைக்கூடத் தனியாகக் கழித்திருக்காது. பெரும்பாலும் 4 முதல் 6 மாத வயதில் பால்குடி மறந்த பிறகு, தன்னையொத்த குட்டிகளோடு திறந்தவெளியில் ஒன்றாக மேய்ந்து, ஒன்று படுத்தால் இன்னொன்று காவல் நின்று, ஒன்று மிரண்டால் எல்லாமே சேர்ந்து ஓடி வளர்ந்திருக்கும். அப்படி வளர்ந்த உயிரைத்தான் ஒரே நாளில் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, எலகங்காவிலோ சர்ஜாபுரத்திலோ உள்ள ஒரு லாயத்தில் நான்கு சுவர்களுக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். அந்தக் கதவு சாத்தப்பட்ட நேரத்திலிருந்து ஏறக்குறைய 6 வாரங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெங்களூரில் முதல்முறையாகக் குதிரை வாங்கும் தமிழ் அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

குட்டி லாயத்துக்குப் பழகிவிட்டதா என்று அறிய நான் பெரிதும் நம்புவது ஓர் அடையாளத்தைத்தான். அது இரவில் படுத்துத் தூங்குகிறதா என்று பார்ப்பேன். குதிரையின் கால் மூட்டுகள் பூட்டிக்கொள்ளும் அமைப்புடையவை. ஆகவே நின்றபடியே அதனால் கண்ணயர முடியும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அத்தகைய உறக்கம் அதற்குத் தேவைப்படுகிறது. தன்னைச் சுற்றி ஆபத்து இருப்பதாக நினைக்கும் குதிரை படுக்கவே படுக்காது. எனவே காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் முதலில் வைக்கோலைப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, குட்டியின் விலாவிலும் தொடையிலும் துரும்பு ஒட்டியிருந்தால், அது உங்களை நம்பத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

வருவதற்கு முன்

அறை குறைந்தது 12 அடிக்கு 12 அடி இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய அறையில் குட்டி உருளும்போது சுவரோரம் கால் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் போகலாம். துருத்திய ஆணி, உடைந்த தாழ்ப்பாள், தொங்கும் மின்கம்பி ஆகியவற்றை, குட்டியின் வாய் எட்டும் உயரம் வரை கையால் தடவித் தேடுங்கள். கண்ணுக்குத் தப்புவது கைக்கு அகப்படும். விரிப்புக்கு நெல் வைக்கோலோ மரச்சுருளோ எதுவானாலும் சரி, அதைத் தாராளமாகப் பரப்புங்கள். பிறகு ஒரு நாள் மண்டியிட்டு, குட்டி படுக்கும்போது அதன் மூக்கு இருக்கும் உயரத்தில் உங்கள் மூக்கை வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள். அங்கே கண் எரிந்தால், நின்றுகொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியாத சிறுநீர்க் காரம் அதன் நுரையீரலை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

விற்பவரிடம் இரண்டு மூட்டைப் பழைய தீனியையும், முன்பு கொடுத்த அளவுகளையும், தடுப்பூசிப் பதிவையும், இரத்தப் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். பரிசோதனைகளில் முக்கியமானது கிளாண்டர்ஸ் நோய்க்கானது. அது குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது, தடுப்பூசி இல்லாதது, 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது. ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான பரிசோதனை செய்யப்படுகிறது. சான்று இல்லாத குட்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வண்டியில் ஏற்றவே வேண்டாம் என்பேன்.

வந்து இறங்கும் நாள்

திப்பு சுல்தான் காலத்திலிருந்தே குதிரைக்குப் பேர்போன குனிகல்லிலிருந்து வருகிறதென்றால் பயணம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ராஜஸ்தானிலிருந்து மார்வாரி இனக் குட்டியை வரவழைக்கிறவர்களுக்கு அது பல நாள் பயணம். நீண்ட பயணத்தில் தலையை உயர்த்திக் கட்டியே கொண்டுவருவதால் சுவாசக் குழாயில் சேரும் சளியையும் தூசியையும் குட்டியால் கீழே வடிக்க முடிவதில்லை. அது நுரையீரல் காய்ச்சலில் கொண்டுபோய் விடக்கூடும். வழியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விடும்படி ஓட்டுநரிடம் புறப்படும் முன்பே பேசி வையுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே இறக்குங்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர வேண்டாம். பிள்ளைகளுக்கு நாளைக்குக் காட்டிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் பிடித்து, முற்றத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றிக் காட்டி, அது மோந்து பார்க்க நினைப்பதை மோந்து பார்க்க விட்டு, பிறகு அறைக்குள் கொண்டுபோக வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குட்டி திடீரென்று பின்வாங்கினால் கயிறு இறுகி விரல் போய்விடும். மடித்துப் பிடிப்பதே பாதுகாப்பு.

தண்ணீரும் தீனியும்

முதல் வாரத்தில் பெரும்பாலான தொல்லைகள் வயிற்றிலிருந்தே வருகின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குதிரை நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த உயிர். அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டேயிருக்கும். பல மணி நேரம் வாய் சும்மா இருந்தால் இரைப்பையில் புண் வரும். அத்துடன் மனமும் கலங்கும். புல்லில் இருக்கும் நாரைச் செரிப்பது அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான். அவை பழகிய தீனிக்கு ஏற்பவே பெருகியிருக்கும். தீனியை ஒரே நாளில் மாற்றினால் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் குலைந்து வயிற்றுவலி வருகிறது. அதனால்தான் பழைய தீனியை இரண்டு மூட்டை கேட்டு வாங்கச் சொன்னேன். முதல் 3 நாட்கள் பழையதை மட்டும் கொடுத்து, பிறகு சிறிது சிறிதாகப் புதியதைக் கலந்து, மொத்தம் 10 முதல் 14 நாட்களில் மாற்றி முடியுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த புல் நாள்தோறும் வேண்டும். 400 கிலோ எடையுள்ள குட்டிக்கு அது 6 முதல் 8 கிலோ ஆகும். அதை நான்கு ஐந்து வேளையாகப் பிரித்து, கடைசிப் பங்கை இரவு பத்து மணிக்கு வையுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு அறையில் ஒரு பிடி புல்கூட இல்லாமல் நிற்பதுதான் பல குட்டிகள் கதவைக் கடிக்கத் தொடங்கும் நேரம். புல்லைத் தரையில் ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வைத்துக் கொடுத்தால் தலை தாழ்ந்து மூக்கு வடியும். மண்ணும் வயிற்றுக்குள் போகாது. தூசி நிறைந்த புல்லாக இருந்தால் தண்ணீர் தெளித்துக் கொடுங்கள்.

லாயங்களில் தானா என்று சொல்லப்படும் தானியத் தீனியில் ஆர்வக்கோளாறு வேண்டாம். நம் வீடுகளில் கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்வார்கள். குதிரைக்குக் கொள்ளு நல்ல புரதம்தான், ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்கலாம். ஆனால் வேலை எதுவும் செய்யாமல் அறையில் நிற்கிற குட்டிக்கு ஓட்ஸும் கொள்ளும் நிறையக் கொடுத்தால், அந்தச் சக்தி போக வழியின்றிச் சுவரை உதைப்பதில்தான் முடியும். கோதுமைத் தவிட்டை நாள்தோறும் அள்ளிப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. வளர்கிற எலும்பிலிருந்து உடம்பு சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும் நிலை அதனால் உண்டாகும். குதிரைமசால் சிறிது சேர்த்தால் அந்தக் குறை நேராகும். இந்துப்புக் கட்டி ஒன்றை நக்குவதற்கு ஏற்ற உயரத்தில் தொங்கவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒரு லாயத்தில் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் காவிரி, கோடையில் எல்லாவற்றிலும் டேங்கர். மூன்றுக்கும் மூன்று வாடை. வளர்ந்த குதிரை நாளுக்கு 25 முதல் 50 லிட்டர் குடிக்க வேண்டியிருக்க, புது வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குட்டி ஐந்தாறு லிட்டரோடு நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் தீனி காய்ந்து குடலில் அடைத்துக்கொள்ளும். குட்டி பண்ணையில் இருக்கும்போதே, கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீரைச் சில நாட்கள் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கு வந்ததும் அதே வெல்லத்தை நம் தண்ணீரில் கரைத்து ஒரு வாளி, வெறும் தண்ணீர் ஒரு வாளி என்று வைத்தால், பழகிய சுவையை நம்பிக் குடிக்கும். எவ்வளவு குறைந்தது என்று தெரிய வேண்டுமானால் வாளிதான் நல்லது. தானாக நிரம்பும் தொட்டியில் அது தெரியாது.

அமைதியாக நிற்பது எல்லாமே அமைதி அன்று

என் முதல் குட்டியிடம் நான் செய்த பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு வயதுப் பெண் குட்டி அது. வந்த முதல் நாள் ஓயாமல் கனைத்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் கனைப்பு நின்றது. பின்சுவரைப் பார்த்தபடி, தலையைத் தாழ்த்தி, அசையாமல் நின்றது. பழகிவிட்டது என்று மகிழ்ந்து, அன்றே வெளியே கொண்டுபோய்க் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டேன். லாயத்தில் நெடுங்காலம் வேலை செய்த சைஸ், அதாவது குதிரை பராமரிப்பவர் ஒருவர், அல்சூர்க்காரர், திரும்பி வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: “அம்மா, இந்தக் குட்டி ரெண்டு ராத்திரியா படுக்கலைங்க. வைக்கோலைப் பாருங்க, போட்டது போட்டபடி இருக்கு. சாணியும் பாதிதான் விழுந்திருக்கு.” அன்றிரவு பதினொரு மணிக்கு அது முன்காலால் தரையைக் கீறி, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்து, வியர்த்துப் படுத்துப் புரளத் தொடங்கியது. மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி மருந்து கொடுத்து, விடியும்வரை நானும் சைஸும் மாறி மாறி அதன் பக்கத்தில் இருந்தோம். காலை ஆறு மணிக்கு அது சாணி போட்டபோது அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிலிருந்து நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் எத்தனை முறை சாணி போட்டது, எத்தனை வாளி குடித்தது, தீனி மிச்சம் உண்டா, படுத்ததா, காலை மாலை உடல் வெப்பம் எவ்வளவு என்று எழுதுகிறேன். நலமாயிருக்கும் குதிரை நாளுக்கு 8 முதல் 12 முறை சாணி போடும். வெப்பம் 37.5 முதல் 38.5 செல்சியஸுக்குள் இருக்கும். ஓய்வில் இதயத் துடிப்பு வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44; இளங்குதிரைக்குச் சற்றே கூடும். உங்கள் குட்டிக்கு வழக்கமான எண் எது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டால், மாற்றம் வரும்போது உடனே கண்ணில் படும். காது இரண்டும் அசைவற்று, கண் எதையும் பின்தொடராமல், தீனியை வைத்தாலும் திரும்பாமல் நிற்கும் குட்டி தனக்குள் சுருங்கிப்போன குட்டி. நிம்மதியாக நிற்கும் குட்டியின் காது சத்தம் வரும் பக்கமெல்லாம் மெல்லத் திரும்பும், கீழுதடு தளர்ந்திருக்கும், ஒரு பின்காலை நுனியில் ஊன்றி ஓய்வெடுக்கும்.

தனிமையும் தனிப்படுத்தலும்

இங்கே ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகள் உள்ளன. புதுக் குதிரையை 2 முதல் 3 வாரங்கள் மற்றவற்றோடு தொடாமல் வைக்க வேண்டும்; ஏனெனில் தாடையடியில் கட்டி வரும் ஸ்ட்ராங்கிள்ஸ் போன்ற தொற்று, வெளியே தெரிய 3 முதல் 14 நாட்கள் ஆகும். 2008இல் ஜம்முப் பகுதியில் தலைகாட்டிய குதிரைக் காய்ச்சல் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியதை லாயத்தார் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் குட்டிக்குத் தோழமையும் வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்கும் வழி, தொட முடியாத தூரத்தில் சாந்தமான ஒரு வயதான குதிரை கண்ணில் படும்படி அறையைத் தேர்ந்தெடுப்பதே. வாளி, தூரிகை, கராரா என்னும் உடம்பு தேய்க்கும் சீப்பு, கயிறு எல்லாம் குட்டிக்குத் தனி. மற்ற குதிரைகளைக் கவனித்த பிறகே இதனிடம் வர வேண்டும். ஸ்ட்ராங்கிள்ஸில் சளி ஒழுகுவதற்கு முன்பே காய்ச்சல் தொடங்கிவிடுவதால், தெர்மாமீட்டர்தான் உங்களுக்கு முதல் செய்தி சொல்லும்.

குதிரை கிடைக்காவிட்டால் ஓர் ஆட்டைத் துணைக்கு விடுவது பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களிடம் நெடுநாளாக உள்ள வழக்கம். கால்நடை மருத்துவரிடம் ஆட்டையும் காட்டிவிட்டுச் செய்யலாம். தனிப்படுத்தல் முடிந்ததும், ஒரே ஒரு குதிரையோடு, இடையில் வேலி வைத்துச் சில நாட்கள் பழக்கிய பின்பே ஒரே திடலில் விடுங்கள். தினமும் சில மணி நேரமாவது திடலில் விடப்படாத குட்டி மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்கவும், கதவருகே இடமும் வலமும் ஆடிக்கொண்டேயிருக்கவும் கற்றுக்கொள்ளும். ஒருமுறை படிந்த அந்தப் பழக்கத்தை அகற்றுவது மிகக் கடினம்.

கை படுதல்

இரண்டாம் வாரத்தில் தொடங்கலாம். குதிரைக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. ஆகவே எப்போதும் தோள்பக்கமாக, பேசிக்கொண்டே வாருங்கள். பெங்களூர் லாயங்களில் குதிரைகள் உருது, கன்னடம், தமிழ் மூன்றையும் கேட்டே வளர்கின்றன. சொல் எதுவானாலும் தொனி ஒன்றாக இருக்கட்டும். கழுத்தின் அடிப்பகுதியில், பிடரி முடியும் இடத்தில், விரல் நுனியால் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அதுதான். முகத்தில் தட்டிக் கொஞ்சுவது அதற்குப் பிடிப்பதில்லை.

பாடத்தின் அடிப்படை, அழுத்தமும் விடுதலையும். கயிற்றை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். குட்டி ஓர் அடி முன்வைத்த அந்தக் கணமே விட்டுவிடுங்கள். அது கற்றுக்கொள்வது நீங்கள் இழுத்ததிலிருந்து அன்று, விட்டதிலிருந்து. ஒருநாள் பாடம் 10 நிமிடம், மிஞ்சினால் 15. கட்டும்போது சுவர் வளையத்தில் மெல்லிய சணல் கயிற்று வளையம் ஒன்றை மாட்டி, அதில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். குட்டி மிரண்டு பின்னால் இழுத்தால் சணல் அறுந்து கழுத்து தப்பும்.

கால் தூக்கப் பழக்குவது லாடம் அடிப்பவர் வருவதற்கு முன்பே நடக்க வேண்டும். லாயங்களில் நால்பந்த் என்றழைக்கப்படும் அவர் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வந்து குளம்பைச் சீவுவார். அவருடைய தொழிலே குனிந்து நிற்பது. பழகாத குட்டியிடம் அவரைத் தள்ளிவிடுவது அவருக்கு நாம் செய்யும் தீங்கு. முதல் நாள் தோளிலிருந்து முழங்கால்வரை தடவி விட்டுவிடுங்கள். அடுத்த நாள் கணுக்கால்வரை. அதற்கடுத்து ஒரு நொடி தூக்கி, குட்டி தானாக இழுப்பதற்கு முன் நீங்களே கீழே வையுங்கள். மழைக்காலத்தில் குளம்பின் அடியை நாள்தோறும் கொக்கியால் சுத்தம் செய்யாவிட்டால் நடுப்பகுதி அழுகிக் கருப்பாக நாறும்.

சத்தம்

விநாயகர் ஊர்வல மேளம், தீபாவளி வெடி, லாரி ஹாரன், இவற்றோடு எலகங்காப் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: 1996 முதல் அங்குள்ள விமானப்படைத் தளத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் விமானக் கண்காட்சி. அந்தப் பிப்ரவரி நாட்களில் புதுக் குட்டியை வரவழைக்காதீர்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே, தீனி வைக்கும் நேரத்தில் வெடிச்சத்தப் பதிவைக் கைப்பேசியில் மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, குட்டி மென்றுகொண்டேயிருக்கும் அளவுக்குள் நாளுக்கு நாள் சிறிது கூட்டுங்கள். மெல்லுவது நின்றால் ஒலி அதிகம். அன்றிரவு விளக்கு எரியட்டும், புல் நிறைய இருக்கட்டும், குட்டிக்குப் பழக்கமான ஒருவர் லாயத்தில் இருக்கட்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருப்பது நல்லது.

ஆறாம் வாரம்

டெட்டனஸ் தடுப்பூசி முன்பு போடப்படவில்லையென்றால், 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு ஊசிகளும் இதற்குள் முடிந்திருக்க வேண்டும். சாணிப் பரிசோதனையில் முட்டை எண்ணிக்கை பார்த்தே குடற்புழு மருந்து கொடுங்கள். இரண்டரை வயதை நெருங்கும்போது முன்பற்கள் விழத் தொடங்கும் என்பதால், கடிவாளம் பற்றி நினைப்பதற்கு முன் பல்லை மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்து வயதையொட்டித்தான் முழுமையடைகிறது. ஆகவே இரண்டு வயதில் ஏறி உட்காரும் அவசரம் எனக்கு உடன்பாடன்று.

என் பெண் குட்டி முதன்முதலாகப் படுத்துத் தூங்கியது, வந்த பத்தொன்பதாம் நாள் இரவில். விடிகாலை ஐந்து மணிக்கு நான் போனபோது அது எழுந்திருக்கவில்லை. கால்களை மடித்து, மூக்கு நுனி வைக்கோலில் பட, ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு அப்படியே கிடந்தது. நான் கதவைத் திறக்காமல் திரும்பிவந்து, அன்றைய காலைத் தீனியை அரை மணி நேரம் தள்ளி வைக்கும்படி சைஸிடம் சொன்னேன்.